சந்தா கேட்கும் கை

பெரியோர்களே, தோழர்களே,

கொழும்பு ஹவ்லொக் வீதியில் ஹவ்லொக் சிட்டி மாடிகள் எழுந்திருக்கும் நிலம் ஒரு காலத்தில் நெசவு ஆலை நின்ற நிலம். வெள்ளவத்தையில் 'மில்' என்றால் அதுதான். 1933இல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளரில் பெரும் பகுதியினர் மலையாளிகள். அந்நாளில் கொழும்பின் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. 1923 பொது வேலைநிறுத்தத்திலும், 1927 துறைமுக வேலைநிறுத்தத்திலும், 1929 டிராம் வேலைநிறுத்தத்திலும் முன்னின்றவர். ஆனாலும் மில் தொழிலாளர் அவரை விட்டு, இளைஞர் கழகத்தைச் சேர்ந்த இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வாவைத் தேடிப் போனார்கள். புதிய சங்கத்துக்கு அவரையே தலைவராக்கினார்கள்.

பெரிய பெயர் பெற்ற ஒரு தலைவரை, சாதாரணக் கூலித் தொழிலாளரால் எப்படி மாற்ற முடிந்தது? இன்று வட கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் அப்படி ஒரு மாற்றத்தை நினைத்துப் பார்க்கவே தயங்குகிறோம். இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று படித்தவர்கள் சொல்லும் விளக்கத்தை நான் ஏற்கவில்லை.

அந்நாளில் தொழிற்சங்கத்துக்குச் சந்தா எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். சம்பள நாளில் ஆலை வாசலில் ஒருவர் புத்தகத்தோடு நிற்பார். சந்தாவை வாங்கி, பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். கொடுக்க மனமில்லாதவர் நின்று கேட்பார்: "போன மாசம் சொன்ன விசயம் என்ன ஆச்சு?" மாதம் ஒரு தடவை, ஒவ்வொருவரும் காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. பதில் சரியில்லையென்றால் அடுத்த மாதம் புத்தகம் மெலிந்து போகும். தலைவருக்கு அதைவிடத் தெளிவான செய்தி வேண்டியதில்லை. பின்னர் பல இடங்களில் சந்தாவைச் சம்பளப் பட்டியலிலேயே கழிக்கும் முறை வந்தது. சங்கத்தின் வருமானம் நிலையானது, நல்லதுதான். ஆனால் வாசலில் நின்று கேட்கும் கேள்வியும் அதோடு போய்விட்டது.

அடுத்தது, போராட்டத்துக்குக் கொடுத்த விலை. 1947 யூன் 5ஆம் திகதி, பொது வேலைநிறுத்தத்தின்போது, அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி தெமட்டகொடையில் பொலிஸ் சூட்டில் இறந்தார். 1980 யூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள். ஒரு வீட்டில் ஒருவர் வேலையிழந்தால் அந்த முடுக்கு முழுக்கத் தெரியும். "தலைவர் பின்னால் போனால் அடுப்பு அணைஞ்சிடும்" என்ற பயம் கோழைத்தனத்தால் வந்ததல்ல. கண்ணால் கண்டதால் வந்தது. அதற்குப் பிறகு வேலைத்தலங்களே கரைந்தன. திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதித் துணியோடு போட்டி போட முடியாமல் நெசவு ஆலைகள் நொடிந்தன. துறைமுகத்தில் கொள்கலன்கள் வந்ததும், தோளில் மூடை சுமந்த கூட்டத்தின் வேலையைப் பாரந்தூக்கியும் அதை இயக்கும் ஒருவரும் செய்தார்கள்.

ஆலை போனது, ஆனால் தலைவர் தேவை போகவில்லை. வேறொரு தலைவர் அந்த இடத்துக்கு வந்தார். எப்படி என்பதை ஒரு சின்ன விசயத்தில் காட்டுகிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்ட வேண்டும். பணிக்கொடை, 5 வருடம் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். சட்டம் தெளிவு. ஆனால் காசை எடுக்கப் போகும்போது அடையாள அட்டையில் 'செல்லையா', பதிவு அட்டையில் 'செல்லயா'. சிங்களத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் ஒரு மாதிரி. உடனே சத்தியக்கடதாசி வேண்டும்; அதற்குச் சமாதான நீதவானிடம் போக வேண்டும்; அவரிடம் அழைத்துப் போக, கட்சி அலுவலகத்தில் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் புதிய தலைவர். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, பலர் நல்ல மனதோடு செய்கிறார்கள். ஆனால் அவருக்கு நாம் சந்தா கட்டுவதில்லை, நன்றிதான் கட்டுகிறோம். சந்தா கட்டியவன் கணக்குக் கேட்பான். நன்றிக்கடன் பட்டவன் வாயைத் திறக்க மாட்டான்.

மக்கள் தலைமை எடுக்கத் தெரியாதவர்கள் என்றால் 2011 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர், அதிலும் பெண்கள், பெருந்திரளாக வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். சட்டமூலம் திரும்பப் பெறப்பட்டது. தங்கள் சேமிப்புக்கு என்ன ஆகும் என்பதை அவர்கள் தாங்களே விளங்கிக்கொண்டிருந்தார்கள்.

இனி நம் மாடி வீடுகளுக்கு வருகிறேன். நகரத்துக் குடிசைத் தோட்டத்திலும் லைன் வீட்டிலும் இருந்தவர்கள் இப்போது பத்துப் பன்னிரண்டு மாடிக்கு ஏறியிருக்கிறார்கள். மின்தூக்கி நின்றால் என்ன செய்கிறோம்? மாநகர சபை உறுப்பினருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பராமரிப்புக் காசு எவ்வளவு சேர்ந்தது, எந்த வங்கிக் கணக்கில் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் "உனக்கேன்?" என்பார்கள். எட்டாம் மாடியில் நடக்க முடியாத ஒரு பாட்டி இரண்டு கிழமை வீட்டுக்குள்ளேயே இருப்பார்.

இதற்குப் பழைய மில்லின் முறையே போதும். மாடிக்கு இருவர் என்று ஆள் தெரிவு செய்யுங்கள், அதில் பாதிப் பேராவது பெண்கள். ஏனென்றால் தண்ணீர் நின்ற நேரமும் மின்தூக்கி நின்ற நேரமும் அவர்களுக்குத்தான் தெரியும். சந்தா சின்னதாக, எல்லோருக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும். வீட்டு வாசலில் கையால் வாங்குங்கள். கைத்தொலைபேசியில் அனுப்பச் சொல்லாதீர்கள். வாங்கும்போது ஐந்து நிமிடம் நின்று முறைப்பாட்டைக் கேட்டு, அதையும் அதே புத்தகத்தில் எழுதுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, ஒரே குடும்பத்து ஆட்களாக இருக்கக் கூடாது. பொருளாளர் வருடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும்.

இந்தக் குழுக்கள் முறிவது பெரும்பாலும் களவால் அல்ல. ஒரே ஆள் ஓடி ஓடிக் களைத்து, "இனி நீங்களே பாருங்கோ" என்று புத்தகத்தை வைத்துவிட்டுப் போவதால். அந்த நாளில் அடுத்த ஆளுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு மாடியிலும் இருவர் வேண்டும் என்கிறேன், ஒருவர் வாங்க, ஒருவர் எழுத. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளட்டும். மாத முடிவில் வரவையும் செலவையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மின்தூக்கிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மின்தூக்கிக்குக் காத்து நிற்கிறவர் எப்படியும் அதை வாசிப்பார்.