முட்டி வலிக்கு ஓசோன் ஊசி: போடலாமா, வேணாமா?

[திரையில்: ஏற்காடு மலைச்சரிவு, காபித் தோட்டம்]

வணக்கங்க. ஏற்காட்டுல எஸ்டேட் வேலைக்குப் போற அக்காங்க மேடு ஏறுறதைக்கூட சமாளிச்சுடுவாங்க, காபிப்பழ மூட்டையோட சரிவுல இறங்குறப்பதான் முட்டி உசுரை எடுக்கும். கீழ சேலம் செவ்வாப்பேட்டை கொலுசுப் பட்டறைல நாள் பூரா சம்மணம் போட்டு ஒக்காந்திருக்கறவங்களுக்கு எந்திரிக்கறதுதான் பாடு. ஆபரேஷன் இல்லாம ஓசோன் ஊசிலயே சரி பண்ணிடுவாங்களாமேன்னு இப்ப பல பேரு கேக்கறாங்க.

[திரையில்: ஓசோன் மெஷின், சிரிஞ்ச்]

ஓசோன்னா ஆக்சிஜன்தாங்க, ரெண்டு அணுவுக்குப் பதிலா மூணு அணு, அவ்ளோதான். ஆனா அது நிலையா நிக்காது, ரூம் சூட்டுலயே ஒரு மணி நேரத்துக்குள்ள பாதி கலைஞ்சுடும், அதனால பாட்டில்ல அடைச்சு விக்க முடியாது, மெடிக்கல் ஆக்சிஜன்ல கரண்ட்டைப் பாய்ச்சி அங்கயே தயார் பண்ணி ஒடனே சிரிஞ்ச்ல எடுத்து மூட்டுக்குள்ள போடணும். உள்ள போறதுல பெரும்பங்கு வெறும் ஆக்சிஜன், ஓசோன் 5 சதவீதம்கூட தாண்டாது. மூட்டுக்குள்ள இருக்கற வீக்கத்தை இது கொறைக்கும், அதான் வலி அடங்குதுன்னு டாக்டர்ங்க சொல்றாங்க.

சரி, வேலை செய்யுதா? 2017ல பிரேசில்ல 98 பேரை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, வாரம் ஒரு ஊசி, 8 வாரம், ஒரு குரூப்புக்கு ஓசோன், இன்னொரு குரூப்புக்கு சும்மா காத்து, யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. ஓசோன் போட்டவங்களுக்கு வலி நல்லாவே கொறைஞ்சுது. ஆனா இந்த மாதிரி ஆய்வு பலதும் சின்னது, கொஞ்ச மாசம் வரைக்கும்தான் பாத்திருக்காங்க, அதுக்கப்புறம் வலி என்னாகும்னு அதுல தெரியாது. அமெரிக்காவுல மருந்துக்கெல்லாம் அனுமதி தர்ற அரசு அமைப்பான எஃப்டிஏவோட ரூல் இன்னமும் ஓசோனை நச்சு வாயுன்னுதான் சொல்லுது, மருத்துவத்துல பயன் இருக்கறதா ஒத்துக்கல. தேஞ்சு போன குருத்தெலும்பு இதுல திரும்ப வளரும்னு யாராச்சும் சொன்னா நான் நம்ப மாட்டேங்க, நீங்களும் பர்ஸைத் தொறக்காதீங்க.

என்னைக் கேட்டா, வலி கொறையற அந்தக் கொஞ்ச மாசம் இருக்கே, அதுலதான் விஷயமே. அப்பதான் தொடைச் சதையைப் பலப்படுத்த முடியும்: காலை நீட்டி ஒக்காந்து, முட்டிக்கு அடியில டவலைச் சுருட்டி வெச்சு, கீழ அமுக்கி 5 செகண்ட் பிடிச்சு விடுங்க, தெனமும். ஒடம்புல 1 கிலோ கொறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல ஏறுற பாரம் கிட்டத்தட்ட 4 கிலோ கொறையும். ஊசி போட்டு வலி போச்சுன்னு மறுநாளே சுமை தூக்கினா காசு தண்டம்.

[திரையில்: "இதை டாக்டர்கிட்ட சொல்லுங்க"]

ரத்தச் சிவப்பணுவைப் பாதுகாக்கற ஜி6பிடிங்கற என்சைம் கம்மியா இருந்தா (ஜி6பிடி குறைபாடு) ஓசோன் கூடாது, ரத்த அணு ஒடையும், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும். கர்ப்பமா இருந்தாலோ தைராய்டு அதிகமாகி கட்டுப்படாம இருந்தாலோ வேணாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா முன்னாடியே சொல்லிடுங்க. ஊசி போட்டப்புறம் முட்டி செவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, கிருமி உள்ள போயிருக்கலாம், ராத்திரியா இருந்தாலும் மலையிலருந்து இறங்கி நேரா சேலம் ஜிஹெச்சுக்குப் போயிடுங்க.