நம்பரும் பேச்சும் எங்க சந்திக்குது?

எல்லாருக்கும் வணக்கம். மிக்ஸட் மெத்தட்ஸ், அதாவது ஒரே ஆய்வுல நம்பரையும் ஜனங்க பேச்சையும் சேத்துப் பாக்குற முறை, கத்துக்கணும்னு வந்திருக்கீங்க, பாதி பேர் ஹெல்த், பாதி பேர் சோஷியல் சயின்ஸ், அதனால டெஃபினிஷனை விட்டுட்டு ஒரு பழைய ஆய்வுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

1930கள் தொடக்கத்துல ஆஸ்திரியாவுல மரியந்தால்னு ஒரு சின்ன ஊர், ஊரே நம்பியிருந்த துணி மில்லை மூடிட்டாங்க. மரீ யஹோடா, லாஸர்ஸ்ஃபெல்டு, ஸைஸல்னு மூணு ஆய்வாளர்கள் ஒரு குழுவோட அந்த ஊரை ஆராய்ஞ்சாங்க. தெருவுல ஜனங்க எவ்வளவு வேகமா நடக்குறாங்க, வழியில எத்தனை தடவை நிக்குறாங்கன்னு கடிகாரத்தை வெச்சுப் பார்த்தாங்க, லைப்ரரி கணக்கை எடுத்தாங்க, இன்னொரு பக்கம் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு எழுதினாங்க, பள்ளிப் பிள்ளைங்க எழுதின கட்டுரையக்கூட விடல. நேரம் கொட்டிக்கிடந்தும் படிக்கிறது குறைஞ்சிருந்துச்சு, ஆம்பளைங்க நடை பொம்பளைங்களை விட மெதுவாயிருந்துச்சு. ஏன்னு கேட்டா, வீட்டு வேலை பொம்பளைங்களுக்கு இன்னும் இருந்துச்சு, ஆம்பளைங்களுக்கோ நாளை நகர்த்த ஒண்ணுமே இல்ல. கடிகாரம் மட்டும் இருந்தா இது தெரிஞ்சிருக்குமா? 1933லயே இதை வெளியிட்டுட்டாங்க. மிக்ஸட் மெத்தட்ஸுக்குன்னு தனி ஜர்னல் வந்தது 2007ல தான், அப்போ பாத்துக்கோங்க.

இப்ப நம்ம விஷயம். நிறைய தீசிஸ்ல நாலாவது சேப்டர் சர்வே, அஞ்சாவது சேப்டர் இன்டர்வியூ, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு திரும்பிக்கூடப் பாக்காது, அதுக்கு மிக்ஸட் மெத்தட்ஸ்னு பேரு வெச்சிடுறாங்க. என்னைப் பொறுத்தவரை அது ரெண்டு அரைகுறை ஆய்வு. இங்க கஷ்டப்பட்டுக் கத்துக்க வேண்டியது சேக்குற வேலைதான், புள்ளியியலும் சரி இன்டர்வியூ எடுக்குறதும் சரி, தனித்தனியா எங்கயும் கத்துக்கலாம்.

உதாரணத்துக்கு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்குறவங்ககிட்ட சர்வே பண்றீங்கன்னு வைங்க. "தவறாம போடுறேன்"னு சொல்றாங்க, ஆனா அளந்து பாத்தா சிலருக்கு பிரஷர் குறையவே இல்ல. இப்ப இன்டர்வியூக்கு யாரைக் கூப்பிடணும்? கிடைச்சவங்களை இல்ல, அந்த ஆளுங்களைத்தான், கூடவே குறைஞ்சவங்க சிலரையும். கேள்வியும் அந்த சர்வே ரிசல்ட்லேர்ந்து தான் வரணும். முதல்ல நம்பர், அப்புறம் விளக்கம், இது ஒரு டிசைன். புது எடத்துல எதைக் கேக்கணும்னே தெரியலன்னா தலைகீழா, முதல்ல பேச்சு, அதுலேர்ந்து கேள்வித்தாள். ரெண்டையும் ஒரே சமயத்துல எடுத்து ஒப்பிடுறது மூணாவது. டிசைன் பேரை மனப்பாடம் பண்ணாதீங்க, ஒண்ணு இன்னொண்ணுக்கு எதைக் குடுக்குதுன்னு ஒரு வரியில எழுதுங்க, எழுத வரலன்னா ஒரு முறையோட நிறுத்திக்கிறது நேர்மை.

அப்புறம் ஜாயின்ட் டிஸ்ப்ளே, ஒரு டேபிள் தான், ஒரு பத்தியில நம்பர், பக்கத்துல அதே விஷயத்தைப் பத்தி ஆளுங்க சொன்னது, கடைசியில ரெண்டையும் சேத்துப் பாத்தா என்ன புரியுதுங்கறது. அந்தக் கடைசிப் பத்தி காலியா இருந்தா வேலை முடியல.

ரெண்டும் முரண்பட்டா பயப்படாதீங்க, தயவுசெஞ்சு மறைக்காதீங்க. ரெண்டு கேள்வியும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டுச்சா, ரெண்டுலயும் ஒரே மாதிரி ஆளுங்கதானா, இன்டர்வியூல நம்பிக்கை வந்ததால உண்மையச் சொன்னாங்களான்னு போய்ப் பாருங்க, திரும்ப டேட்டாவுக்குள்ள எறங்குங்க. கிடைச்ச பதிலை லிமிட்டேஷன்ஸ்ல ஒரு வரியா ஒதுக்காம ரிசல்ட்ஸ்லயே எழுதுங்க. சரி, இப்ப உங்க ப்ரபோசலை எடுங்க, ஒண்ணு இன்னொண்ணுக்கு எதைக் குடுக்குதுங்கற அந்த ஒரு வரி எங்க இருக்குன்னு சேந்து தேடுவோம்.