கடவுளுக்கு முன் அரசன்: எகிப்தும் பாபிலோனும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பழம்பெரும் நாகரிகங்கள் இரண்டில் சமயம் என்ன இடம் வகித்தது என்று பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நைல் நதிக்கரையில் வளர்ந்த எகிப்தையும், டைகிரிஸ், யூப்ரடீஸ் என்னும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே, இன்றைய ஈராக்கில் தழைத்த மெசபடோமியாவையும் எடுத்துக்கொள்கிறேன். இவ்விரண்டிலும் கோயில் என்பது வழிபடும் இடம் மட்டுமன்று. நிலங்களின் உடைமையாளரும், தானியக் களஞ்சியமும், நெசவுக்கூடமும், கணக்கர் அலுவலகமும் அதுவே. உலகின் மிகப் பழைய எழுத்துகளுள் சில, இன்றைக்கு 5,000 ஆண்டுகளுக்கும் முன்னர், மெசபடோமியாவின் ஊருக் நகரின் கோயில் வளாகத்தில் வாற்கோதுமையையும் ஆடுகளையும் கணக்கு வைப்பதற்காகக் களிமண் பலகைகளில் கீறப்பட்டவை. இத்தனை ஒற்றுமை இருந்தும் இந்த இரண்டு நாடுகளும் ஒரு கேள்விக்கு முற்றிலும் வேறான விடைகளைத் தந்தன. அரசன் கடவுளுக்கு முன்னால் எங்கே நிற்கிறான் என்பதே அந்தக் கேள்வி. பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு நீங்காத கேள்வி இது. இன்றைய உரை முழுவதும் இதைச் சுற்றியே அமையும்.

பள்ளிப் பாடங்களில் இதற்கு ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு. நைல் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் பெருகி, விதைப்புக்கு முன் வண்டலைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே எகிப்தியருக்கு உலகம் ஒழுங்கானதாகத் தெரிந்தது. டைகிரிசும் யூப்ரடீசும் வடக்கு மலைகளின் பனி உருகும் இளவேனிலில், கதிர் முற்றி நிற்கும் நேரத்தில் பெருகி வயலை அடித்துச் சென்றன. ஆகவே மெசபடோமியர் தெய்வங்களுக்கு அஞ்சி வாழ்ந்தனர். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். நைலும் பொய்த்ததுண்டு, எகிப்தும் பஞ்சத்தைக் கண்டதுண்டு. ஆற்றை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் நுழைந்து பார்ப்போம்.

முதலில் எகிப்து. பொழுது புலரும் வேளையில் அர்ச்சகர் கருவறைக்கு வருகிறார். முந்தைய நாள் கதவில் இட்ட களிமண் முத்திரையை உடைத்து, தாழை நீக்கி, கதவைத் திறக்கிறார். தரையில் விழுந்து வணங்கி, தூபம் காட்டி, திருமேனிக்குத் தைலம் பூசி, புத்தாடை சார்த்தி, உணவு படைக்கிறார். வெளியேறும்போது தம் காலடித் தடங்களைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே பின்வாங்கி, கதவை மீண்டும் முத்திரையிடுகிறார். இந்தச் சடங்கில் அவர் சொல்லும் ஒரு வாசகத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: கடவுளைக் காண என்னை அனுப்பியவர் அரசரே என்கிறார் அவர். நாடெங்கும் நூற்றுக்கணக்கான அர்ச்சகர்கள் நாள்தோறும் பூசை செய்தாலும், அந்தப் பூசையைச் செய்பவர் ஒருவரே. அவர் பாரோ என்று அழைக்கப்பட்ட எகிப்திய மன்னர். அபிடோஸ் நகரில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலின் சுவர்களில் இந்தச் சடங்கின் ஒவ்வொரு படியும் செதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே தூபம் காட்டுபவரும், ஆடை சார்த்துபவரும் அரசரே. கதிரவன் ராவின் மகன், ஹோரஸ் தெய்வத்தின் நடமாடும் உருவம் என்று போற்றப்பட்டவர் தம் தந்தைக்கும் உறவினருக்கும் செய்யும் பணியாகவே எகிப்தின் வழிபாடு முழுவதும் அமைந்தது. அரசர் தெய்வக் குடும்பத்தின் உள்ளே நிற்கிறார்.

இப்போது மெசபடோமியாவின் பெருநகரான பாபிலோனுக்கு வருவோம். இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். எனக்கு மிகப் பிடித்த வரலாறு இது.

பாபிலோனியருக்கு ஆண்டின் முதல் மாதம் நிசன்னு. நம் பங்குனியையும் சித்திரையையும் ஒட்டி வருவது. அந்த மாதத்தின் தொடக்கத்தில் அகிட்டு என்ற புத்தாண்டுத் திருவிழா பல நாள் நடைபெறும். நகரின் தலைமைத் தெய்வமான மார்துக், எசகிலா என்னும் தம் கோயிலிலிருந்து ஊர்வலமாக எழுந்தருள்வார். ஊர்வலத்துக்கு முன், ஐந்தாம் நாளில், அரசர் கோயிலுக்குள் அழைக்கப்படுகிறார். அர்ச்சகர்களைத் தவிர அருகில் வேறு எவரும் இல்லை. தலைமை அர்ச்சகர் அரசரின் செங்கோலையும், கதாயுதத்தையும், மணிமுடியையும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு உள்ளே சென்று, மார்துக்கின் முன் ஓர் இருக்கையில் வைக்கிறார். பிறகு வெளியே வந்து, எந்தச் சின்னமும் இல்லாமல் நிற்கும் அந்த மனிதரின் கன்னத்தில் அறைகிறார். ஆம் நேயர்களே, அர்ச்சகர் அரசரை அறைகிறார். அத்துடன் நின்றுவிடவில்லை, காதைப் பிடித்து இழுத்துச் சென்று, தெய்வத்தின் முன் தரையில் மண்டியிடச் செய்கிறார். அரசர் அங்கே சொல்ல வேண்டியவை வரையறுக்கப்பட்டிருந்தன: நான் பாவம் செய்யவில்லை, நாடுகளின் தலைவனே, உன் தெய்வத்தன்மையை நான் புறக்கணிக்கவில்லை, பாபிலோனை நான் அழிக்கவில்லை, உன் காவலில் உள்ள குடிமக்களின் கன்னத்தில் நான் அறையவில்லை. அஞ்ச வேண்டாம், மார்துக் உனக்கு அருள்வார் என்று அர்ச்சகர் தேற்றி, செங்கோலையும் முடியையும் திருப்பிக் கொடுக்கிறார். கொடுத்த பின் மறுபடியும் கன்னத்தில் அறைகிறார். அரசரின் கண்ணில் நீர் வந்தால் தெய்வம் மகிழ்ந்திருக்கிறது என்று பொருள். கண்ணீர் வராவிட்டால் தெய்வம் சினந்திருக்கிறது, பகைவன் எழுந்து அரசரை வீழ்த்துவான்.

நம் கைக்குக் கிடைத்துள்ள இந்தச் சடங்கு நூலின் களிமண் பலகைகள், அலெக்சாண்டருக்குப் பிந்திய காலத்தில் படியெடுக்கப்பட்டவை. ஆகவே எல்லாக் காலத்திலும் எல்லா மன்னரும் இப்படியே அறை வாங்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சடங்கில் இருக்கும் எண்ணம் மிகப் பழையது. குடிமக்களின் கன்னத்தில் நான் அறையவில்லை என்று சொல்பவரின் கன்னம் அப்போதுதான் அறையப்பட்டுச் சிவந்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அதிகாரத்தின் சுவையை நன்கு அறிந்தவருக்கு, அதிகாரமற்றவரின் நிலையை ஆண்டுக்கு ஒருமுறை உடலாலேயே உணர்த்திய சமயம் அது. எகிப்தில் அர்ச்சகர் அரசரின் பெயரால் கடவுளை அணுகுகிறார். பாபிலோனில் அரசர் அர்ச்சகரின் கையால் கடவுள் முன் தள்ளப்படுகிறார்.

இந்த வேறுபாடு வெறும் சடங்கோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். கி.மு. 556இல் பாபிலோனின் அரியணை ஏறிய நபோனிடஸ், தலைநகரை மகனிடம் விட்டுவிட்டு, அரேபியப் பாலைவனத்தின் தைமா என்னும் ஊரில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தங்கிவிட்டார். அரசர் வராத ஆண்டில் அகிட்டு விழா நடைபெறாது. அக்காலத்து நிகழ்ச்சிகளைப் பதிந்த களிமண் பலகை ஒன்று, அரசர் பாபிலோனுக்கு வரவில்லை, தெய்வம் வெளியே எழுந்தருளவில்லை, விழா நடைபெறவில்லை என்று ஆண்டுக்கு ஆண்டு ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கி.மு. 539இல் பாரசீக மன்னர் சைரஸ் பாபிலோனுக்குள் நுழைந்தார். அதன் பின் அவர் பெயரால் எழுதப்பட்டதுதான், 1879இல் தோண்டியெடுக்கப்பட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பீப்பாய் வடிவக் களிமண் உருளை. ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள அந்த உருளை என்ன சொல்கிறது? மார்துக் தம் நகரம் படும் துன்பத்தைக் கண்டு, நேர்மையான அரசனை நாடு நாடாகத் தேடி, சைரசின் கையைப் பற்றி அழைத்துவந்தார் என்கிறது. அரசன் கடவுளின் பணியாள் என்றால், பணியாளை மாற்றும் உரிமை கடவுளுக்கு உண்டு.

அதிலிருந்து 14 ஆண்டுகள் கழித்து, கி.மு. 525இல், சைரசின் மகன் காம்பைசிஸ் எகிப்தை வென்றார். அவருக்கு எகிப்தியர் என்ன இடம் கொடுத்தார்கள் தெரியுமா? உஜாஹோர்ரெஸ்னெட் என்ற எகிப்தியர், மருத்துவராகவும் முன்பு கடற்படைத் தலைவராகவும் இருந்தவர், புதிய மன்னருக்கு அரியணைப் பெயரைத் தாமே அமைத்ததாகத் தம் சிலையில் பொறித்து வைத்திருக்கிறார். அந்தச் சிலை இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பெயர் காம்பைசிசை ராவின் பிள்ளையாக்கியது. தந்தை பாபிலோனில் மார்துக்கால் தேர்ந்தெடுக்கப்பட்ட பணியாளர்; மகன் எகிப்தில் கதிரவன் பெற்ற பிள்ளை. ஒரே அரச குடும்பம், ஒரே தலைமுறைக்குள், இரண்டு நாட்டின் சமயத்துக்கு ஏற்ப இரண்டு வேடம் பூண வேண்டியிருந்தது. நான் சொல்லவந்த வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. மெசபடோமியாவை ஆண்ட அக்காதியப் பேரரசர் நராம்-சின், கி.மு. 23ஆம் நூற்றாண்டிலேயே தம்மைக் கடவுள் என்று அறிவித்துக்கொண்டார். நகர மக்களே தெய்வங்களிடம் வேண்டி அவரைத் தங்கள் நகரின் தெய்வமாக்கியதாக ஒரு செப்புச் சிலையின் பொறிப்பு கூறுகிறது. ஆனால் பின்வந்தோர் அவரை எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்று பாருங்கள். நிப்பூர் நகரில் இருந்த என்லில் தெய்வத்தின் கோயிலை அவர் இடித்தார், அதனால் அவருடைய தலைநகரமே சபிக்கப்பட்டுப் பாழானது என்று ஒரு கவிதை எழுந்தது. உண்மையில் அவர் அந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தவர். அவர் பெயர் பொறித்த செங்கற்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. திருப்பணி செய்தவரையே இடித்தவராக மாற்றிய அந்த மண், கடவுளாகத் துணிந்த அரசரை மன்னிக்கவில்லை.

எகிப்திலும் அரசரின் தெய்வத்தன்மை தேய்ந்ததுண்டு. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைக் குடையும் தொழிலாளர்கள் கூலித் தானியம் வராததால் வேலையை விட்டுவிட்டு, பழைய மன்னர்களின் கோயில்களுக்குச் சென்று உட்கார்ந்துகொண்டார்கள். வரலாற்றில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய வேலைநிறுத்தம் இதுதான். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன, எங்களுக்கு உடை இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று முறையிட்ட அவர்கள், தங்கள் தலைவராகிய பாரோவுக்கு எழுதும்படியே கேட்டார்கள். கடவுள் இந்த அரசரைக் கைவிட்டுவிட்டார் என்று அவர்கள் சொல்லவில்லை. சில பத்தாண்டுகள் கழித்து, கார்நாக் கோயில் சுவரில் தலைமை அர்ச்சகர் அமென்ஹோத்தெப், தம் உருவத்தை ஒன்பதாம் ராம்செஸின் உருவத்துக்குச் சமமான உயரத்தில் செதுக்கவைத்தார். எகிப்தியச் சிற்பத்தில் உயரமே தகுதி. ஒரு குடிமகன் அரசருக்கு இணையாக உயர்ந்து நிற்பது எவ்வளவு பெரிய துணிவு என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊரோடு தொட்டுக்கொள்ளும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கும்பாபிஷேகம் நடைபெறும்போது, தமிழகத்திலிருந்து வந்த ஸ்தபதி புதிய திருமேனிக்குக் கண் திறக்கும் சடங்கைப் பற்றி நேயர்கள் அறிந்திருப்பீர்கள். கல் தெய்வமாகும் அந்த நொடி இந்த இரண்டு நாகரிகங்களிலும் இருந்தது. அங்கே திறக்கப்பட்டது வாய். மெசபடோமியாவில் சிலையின் வாயைக் கழுவிய பின், அதைச் செய்த கைவினைஞர்களின் கைகளைத் துணியால் கட்டி, தமரிஸ்க் என்னும் மரத்தாலான கத்தியால் வெட்டுவதுபோல் பாவனை செய்வார்கள். நான் இதைச் செய்யவில்லை, கைவினைத் தெய்வமே செய்தது என்று அவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். அவர்களுடைய கருவிகளை ஓர் ஆட்டின் தொடையில் வைத்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். மனிதக் கையின் தடமே எஞ்சக் கூடாது. எகிப்தில் நிலைமை நேர்மாறு. 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துத்தன்காமன் கல்லறையின் சுவரில், சிறுத்தைத் தோல் போர்த்திய ஆய் என்பவர், இறந்த மன்னரின் வாயைத் திறக்கும் சடங்கைச் செய்கிறார். அவர் தலையில் ஏற்கெனவே அரச முடி இருக்கிறது. வாயைத் திறந்தவர் நானே என்று காட்டுவதால்தான் அவர் அடுத்த பாரோ ஆகிறார். ஓரிடத்தில் செய்தவர் செய்யவில்லை என்கிறார்; மற்றோரிடத்தில் செய்ததே உரிமையாகிறது.

இறப்புக்குப் பிந்திய வாழ்வைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஓரிரு செய்திகளை மட்டும் சொல்கிறேன். கி.மு. 24ஆம் நூற்றாண்டில் உனாஸ் மன்னரின் பிரமிடுக்குள் அரசருக்காகப் பொறிக்கப்பட்ட மந்திரங்களின் வழிவந்தவை பிற்காலத்தில் பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் சுருள்களாக, வாங்குபவரின் பெயரை எழுத இடம்விட்டு விற்பனைக்கு வந்தன. அதாவது அரசரின் மறுமை மெல்ல மெல்ல மக்களின் மறுமையும் ஆனது. அந்தச் சுருள்களில், மறுமைத் தீர்ப்புக்காக நெஞ்சம் தராசில் நிறுக்கப்படும் வேளையில், இறந்தவர் சொல்வதைக் கேளுங்கள்: தராசில் நான் ஏமாற்றவில்லை, குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, நீரை அதன் பருவத்தில் தடுக்கவில்லை. பாபிலோனில் உயிரோடிருக்கும் அரசர் ஒருவர் ஆண்டுதோறும் சொன்ன அதே முறையிலான செய்யவில்லை என்னும் வாக்குமூலத்தை, எகிப்தில் இறந்த ஒவ்வொருவரும் ஒருமுறை சொல்கிறார். மெசபடோமியாவின் இறந்தோருக்கு இத்தகைய தராசு இல்லை; இருளும் புழுதியும் நிறைந்த கீழுலகில், பிள்ளைகள் பெயர் சொல்லி அழைத்து நீர் வார்த்தால் தாகம் தணியும், இல்லாவிட்டால் ஆவியாக அலைய வேண்டும்.

ஆட்டு ஈரலைப் பார்த்து அரசருக்குக் குறி சொன்ன அசீரிய அர்ச்சகர்களைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையுடன் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.