காலனிக்கே குடிபோன சிம்மாசனம் | போர்ச்சுகல் - பிரேசில் கதை

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவின் கீழே நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், ஐரோப்பிய அரச குடும்பம் ஒன்று தன் காலனிக்கே போய்க் குடியேறியது உண்மையா என்று. உண்மைதான். ஆனால் அதைச் சாகசக் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். அந்த ஆதங்கத்தில்தான் இன்று பேசுகிறேன்.

1807 நவம்பர். இங்கிலாந்தோடு உறவை முறித்துக்கொள் என்று போர்ச்சுகலுக்கு நெப்போலியன் நெருக்கடி கொடுத்துவந்தார். இப்போது பிரெஞ்சுத் தளபதி ஜூனோவின் படை தலைநகர் லிஸ்பனை நெருங்கிவிட்டது. ராணி முதலாம் மரியாவுக்கு மனநலம் சரியில்லை. அவருடைய மகன் ஜுவாவ்தான் அவர் பெயரில் ஆட்சி நடத்திவந்தார். 29ஆம் தேதி அரச குடும்பம், அமைச்சர்கள், பிரபுக்கள் என ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் காலனியான பிரேசிலுக்குக் கப்பலில் புறப்பட்டுவிட்டார்கள். பாதுகாப்புக்குப் பிரிட்டிஷ் கடற்படை. அவசரத்தில் அரச நூலகத்தின் புத்தகப் பெட்டிகள் லிஸ்பனின் பெலெம் துறையிலேயே கிடந்தன. மறுநாளே ஜூனோ நகருக்குள் நுழைந்தார்.

1808 ஜனவரியில் பிரேசிலின் சால்வடோர் நகரம், மார்ச்சில் ரியோ டி ஜெனீரோ. வந்தவர்கள் எங்கே தங்குவது? நல்ல வீடுகளாகப் பார்த்துக் கதவில் இளவரசர் ஜுவாவின் முத்திரையெழுத்தைப் பொறித்துவிடுவார்கள். அவ்வளவுதான், வீட்டுக்காரர் காலி செய்ய வேண்டும். அதுவரை பிரேசிலில் அச்சகம் வைக்கவே அனுமதி கிடையாது. அரசவை வந்த அதே ஆண்டில் அரச அச்சகம், பிரேசில் வங்கி, தாவரவியல் பூங்கா எல்லாம் வந்துவிட்டன. 1815இல் பிரேசிலையும் ஒரு ராஜ்ஜியமாக உயர்த்தினார்கள். 1818இல் ஜுவாவ் மன்னராக முடிசூடியதும் ரியோவில்தான்.

சரி, இந்த நகரத்தை யார் தோளில் வைத்துக் கட்டினார்கள்? இங்கேதான் கதை சொல்பவர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இப்போது திரையில் வரும் படத்தைப் பாருங்கள். இது ரியோவின் வலோங்கோ துறை. கப்பலில் வந்து இறங்கும் ஆப்பிரிக்கர்கள் நகரத்தின் நடுவே கண்ணில் படக்கூடாது என்று, 1770களிலேயே அடிமைச் சந்தையை இந்த ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அரசவை ரியோவில் இருந்தபோது, 1811இல், இங்கே கல்லால் துறை கட்டினார்கள். அடியில் ஒழுங்கில்லாமல் பதித்த கரடுமுரடான கற்கள் தெரிகின்றனவா? கடலைத் தாண்டி உயிரோடு வந்தவர்கள் காலை வைத்தது அந்தக் கற்களில்தான். இந்தத் துறை வழியாக வந்தவர்கள் சுமார் 9 லட்சம் பேர் என்பது யுனெஸ்கோ தரும் மதிப்பீடு. இறங்கியதும் இறந்துபோனவர்களைப் புதைத்த இடமும் பக்கத்திலேயே இருக்கிறது.

அப்புறம் அதற்கு மேலே, ஒழுங்காகச் செதுக்கிய கற்கள் இருக்கின்றன, பாருங்கள். அது 1843இல் போட்டது. ஜுவாவின் பேரனும் அப்போதைய பிரேசில் பேரரசருமான இரண்டாம் பெட்ரோவுக்கு மனைவியாக நேப்பிள்ஸிலிருந்து தெரசா கிறிஸ்டினா வந்தார். அவர் இறங்குவதற்காகப் பழைய துறையை அப்படியே மூடி, அதன் மேல் ‘பேரரசியின் துறை’யைக் கட்டினார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பிற்பாடு அதுவும் மண்ணுக்குள் போய்விட்டது. 2011இல் துறைமுகப் பகுதியைப் புதுப்பிக்கத் தோண்டியபோதுதான் இரண்டும் வெளியே வந்தன. மணிகள், தாயத்துகள், சோழிகள் எல்லாம் அங்கே கிடைத்தன. 2017இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள்.

அரச குடும்பத்தின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1820இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் புரட்சி வெடித்தது. மறு வருடம் ஜுவாவ் லிஸ்பன் திரும்பினார். ரியோவில் விட்டுவந்த மகன் பெட்ரோ, அதாவது இரண்டாம் பெட்ரோவின் அப்பா, 1822 செப்டம்பர் 7இல் விடுதலையை அறிவித்துத் தானே பேரரசர் ஆனார். 1825இல் போர்ச்சுகல் அதை ஏற்றுக்கொண்டது, பிரேசில் தர வேண்டிய 20 லட்சம் பவுண்டு இழப்பீட்டோடு. அடிமை முறை மட்டும் 1888 வரை ஒழியவில்லை. அது ஒழிந்த அடுத்த ஆண்டே பிரேசிலின் முடியாட்சியும் கவிழ்ந்தது.

லிஸ்பனில் இருந்த கிரீடம் 1910 வரை தாக்குப்பிடித்தது. தன் ஆப்பிரிக்கக் காலனிகளான அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் ஒன்றோடொன்று இணைக்க ஆசைப்பட்டு, 1890இல் பிரிட்டனின் ஒரே மிரட்டலில் அது பணிந்துபோன கதையை அடுத்த வீடியோவில் விரிவாகப் பேசுவோம்.