பார்க்கிங் ஃபைனா? கட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

(திரையில்: ஒரு பக்கியின், அதாவது பிக்கப் வண்டியின், முன் கண்ணாடி. வைப்பருக்கு அடியில் மடங்கிய காகிதம்.)

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், நம்ம டர்பனின் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்தால், வைப்பருக்கு அடியில் இது. மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. எழுதியவரிடம் போய்ச் சண்டை மட்டும் வேண்டாம், அவசரப்பட்டு போனில் பணமும் கட்டிவிடாதீர்கள். கட்டிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது, அப்புறம் எதை எதிர்ப்பது?

முதலில் காகிதத்தின் தலைப்பைப் படியுங்கள்.

(திரையில்: நோட்டீஸின் மேல்பகுதி, பெரிதாக.)

341 என்று இருந்தால் அது 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 341ஆம் பிரிவு. கண்ணாடியில் செருகிவிட்டுப் போவது, கேமரா படம்பிடித்து வீட்டுக்கு வருவது எல்லாம் பெரும்பாலும் இந்த வகை, கட்ட 30 நாள் அவகாசம். அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு என்று இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். அது உங்கள் கையில் நேரடியாகத் தரப்படுவது, கோர்ட் தேதியும் அதிலேயே இருக்கும், கட்டாமலும் போகாமலும் விட்டால் வாரண்ட் வரும். ஜோகன்னஸ்பர்க், ட்ஷ்வானே பக்கம் வாங்கிய ஃபைன் என்றால் ஆர்ட்டோ (AARTO) என்று போட்டிருக்கும், போக்குவரத்துக் குற்றங்களுக்கான தனிச் சட்டம் அது. அது வேறு பாதை: 32 நாளுக்குள் கட்டினால் பாதித் தள்ளுபடி, எதிர்ப்பதென்றால் ஆர்ட்டோ 08 படிவம். அந்தப் படிவத்தை டர்பன் ஃபைனுக்கு நிரப்பி அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு, பாவம்.

சரி, டர்பனுக்கே வருவோம். இங்கே மனு எழுத வேண்டியது போலீசுக்கு இல்லை, அரசு வழக்கறிஞருக்கு, அதாவது ப்ராசிக்யூட்டருக்கு. தொகையைக் குறைப்பதும் ஃபைனையே விலக்கிக்கொள்வதும் அவர் கையில்தான். நோட்டீஸ் எண், வண்டி எண், உங்கள் ஐடி எண், ஒரே ஒரு காரணம், அதற்குச் சாட்சி, அவ்வளவு போதும். வண்டியை விற்றுவிட்டீர்களா, பெயர் மாற்றிய காகிதம். திருடு போனதா, போலீஸ் கேஸ் நம்பர். கேமரா படத்தில் இருப்பது வெள்ளை போலோ கார், உங்களுடையது பழைய பக்கியா, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள், போலி நம்பர் பிளேட் இங்கே புதுசா என்ன? வேறு யாராவது ஓட்டியிருந்தால் அவர் பெயர், முகவரியோடு அஃபிடவிட். போலீஸ் ஸ்டேஷனிலேயே இலவசமாகச் சத்தியம் வாங்கி முத்திரை குத்தித் தருவார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை நிறுத்தக்கூடாது என்ற பலகை மாங்கிளைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, நான் பார்க்கவே இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, எனக்கு வேலையில் கஷ்டம் என்று மூன்று பக்கம் எழுதினேன், ஒரே வரியில் நிராகரிப்பு வந்தது. பலகையைப் படமெடுக்கலாம் என்று போனால் கிளையை வெட்டிவிட்டிருக்கிறார்கள், பலகை பளிச்சென்று நிற்கிறது! கடைசியில் என்னைக் காப்பாற்றியது மகள். அன்று காலையிலேயே அவள் மாங்காய்க் குலையைப் போனில் படமெடுத்திருந்தாள். குலைக்குப் பின்னால் இலைகளுக்கு நடுவே பலகையின் சிவப்பு ஓரம் விரல்நகம் அளவு தெரிந்தது, தேதியும் நேரமும் போனிலேயே இருந்தது. அந்தப் படத்தோடு நாலே வரியில் திரும்ப எழுதினேன், விலக்கிக்கொண்டார்கள்.

(திரையில்: மாங்காய்க் குலை, பின்னால் பலகை.)

அதனால் வண்டியை எடுப்பதற்கு முன்பே நாலு பக்கமும் படமெடுங்கள். மனுவை நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள், மின்னஞ்சல் என்றால் அனுப்பியதை அழிக்காதீர்கள்.

நிராகரித்துவிட்டால்? கட்டலாம், இல்லையென்றால் சம்மன் வரும்வரை இருக்கலாம். சம்மன் உங்கள் கையிலோ, நீங்கள் இல்லாதபோது வீட்டில் 16 வயதைத் தாண்டியவர் கையிலோ தரப்பட வேண்டும், அதுவும் விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்னால், ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் சேராது. கோர்ட்டில் குற்றவாளி இல்லை என்று சொன்னால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் வேலை. அன்றைக்கு மட்டும் போகாமல் இருந்துவிடாதீர்கள்.