அளப்பவர் எங்கே நிற்கிறார்?

(திருப்பூரில் வணிகவியல் மாணவர்களும் தொழில்முனைவோரும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

ஐ.நா. வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எந்த மாநிலம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று ஒன்றிய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் ஒரு குறியீடு வெளியிடுகிறது. 2023-24க்கான குறியீட்டில் தமிழ்நாட்டுக்கு 100க்கு 78. முதலிடத்தில் உள்ள கேரளத்துக்கும் உத்தரகண்டுக்கும் 79. நாட்டின் மதிப்பெண் 71. 2018இல் முதல் குறியீடு வந்தபோது அது 57ஆக இருந்தது. இதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு, இருக்கவும் வேண்டும். பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், சத்துணவு என்று பல பத்தாண்டுகள் உழைத்ததன் பலன் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. இந்த மதிப்பெண்ணைப் போடுகிறவர் எந்த இடத்தில் நின்றுகொண்டு போடுகிறார் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 2020-21 குறியீட்டில், தண்ணீர், சுகாதாரம் பற்றிய ஆறாவது இலக்குக்கான அளவீடுகளில் ஒன்று இது: தூய்மை இந்தியா திட்டத்தில் கட்டத் தீர்மானித்த வீட்டுக் கழிப்பறைகளில் எத்தனை சதவீதம் கட்டி முடிக்கப்பட்டன? அதாவது அரசு தான் வைத்த இலக்கில் எவ்வளவை முடித்தது என்று அரசின் கணக்கிலிருந்தே எடுத்துப் பார்ப்பது. நாடு முழுக்க 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டன. 2019 அக்டோபர் 2ஆம் தேதி, கிராமப்புற இந்தியா திறந்தவெளி மலம் கழித்தல் அற்றதாக அறிவிக்கப்பட்டது.

அதே காலத்தில் இன்னொரு கணக்கும் எடுக்கப்பட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. அவர்கள் வீடு வீடாகப் போய், "உங்கள் வீட்டில் இருப்பவர்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகிறார்கள்?" என்று கேட்டார்கள். எந்தக் கழிப்பறையும் பயன்படுத்தாத குடும்பங்கள் 19 சதவீதம் என்று வந்தது. இதற்கு முந்தைய ஆய்வில் அது 39 சதவீதம். பாதியாகக் குறைந்திருக்கிறது, சின்ன சாதனை இல்லை, தாராளமாகக் கைதட்டலாம். ஆனால் ஒரு கணக்கு வேலை முடிந்துவிட்டது என்கிறது, மற்றொன்று ஐந்தில் ஒரு வீடு பாக்கி என்கிறது. இரண்டுமே அரசு எடுத்த கணக்குகள்தான். ஒன்று கட்டிக் கொடுத்தவர் பக்கம் நின்று எண்ணியது, மற்றொன்று அந்த வீட்டு வாசலில் நின்று கேட்டது. எனக்கு எப்போதும் இரண்டாவது கணக்கில்தான் நம்பிக்கை.

கம்பெனிகள் பக்கம் வருவோம். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், கம்பெனிகளை மதிப்பிடும் டௌ ஜோன்ஸ் நீடித்த வளர்ச்சிக் குறியீட்டில் கார் தயாரிப்புத் துறைக்கே முதலிடம் பெற்றது. அதே மாதம் 18ஆம் தேதி, அந்த நிறுவனத்தின் டீசல் கார்களில் மோசடி மென்பொருள் இருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. கார் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்று அந்த மென்பொருள் கண்டுபிடித்துவிடும். பரிசோதனையின்போது புகை சுத்தமாக வரும். சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை போனது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். இதை வெளியே கொண்டுவந்தது மேற்கு விர்ஜினியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறிய ஆராய்ச்சிக் குழு. அவர்கள் செய்தது ரொம்ப எளிய காரியம்: அளவுக்கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். குறியீட்டுக்கான கேள்வித்தாள், மதிப்பீட்டு நிறுவனம், தணிக்கை எதற்கும் தெரியாமல் போனது சாலையில் தெரிந்துவிட்டது.

நம் நாட்டிலும் பங்குச்சந்தையில் உள்ள முதல் ஆயிரம் நிறுவனங்கள் ஆண்டுதோறும் பொறுப்புடைமை, நீடித்த வளர்ச்சி அறிக்கை கொடுக்க வேண்டும் என்று பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. எவ்வளவு தண்ணீர் எடுத்தாய், எவ்வளவு வெளியே விட்டாய், எத்தனை தொழிலாளருக்கு விபத்து என்பதெல்லாம் அதில் வந்தாக வேண்டும். வணிகவியல் மாணவர்கள் அந்த அறிக்கைகளைத் தரவிறக்கிப் படிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். படிக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் நிதானியுங்கள். ஒரு ரூபாய் வருமானத்துக்கு எவ்வளவு கார்பன் என்று ஒரு விகிதம் இருக்கும். ஒரு பேச்சுக்கு, 10 கோடி வருமானத்துக்கு 100 டன் கார்பன் விட்ட கம்பெனி, அடுத்த ஆண்டு 15 கோடி வருமானத்துக்கு 120 டன் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கு 10 டன் என்பது 8 டன்னாக இறங்கிவிட்டது. "20 சதவீதம் குறைத்துவிட்டோம்" என்று அட்டையில் போடலாம், அது பொய்யும் ஆகாது. ஆனால் காற்றில் 20 டன் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. விலைவாசி ஏறி விற்பனை ரூபாய் கூடினாலே இந்த விகிதம் தானாக இறங்கும். அதனால் முதலில் மொத்தத்தைப் பாருங்கள், அப்புறம் விகிதத்தைப் பாருங்கள்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது முழுக்க நொய்யலில் எழுதியிருக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் ஆறு. பனியன் தொழில் வளர வளர, சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் அதன் கரையில் பெருகின. சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும்; அந்த உப்பு துணியோடு போவதில்லை, கழிவுநீரோடுதான் போகும். 1992இல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக அணை கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணையைத் திறந்து தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று மன்றாடும் நிலை வந்தது. தென்னை காய்ந்தது. கிணற்றுத் தண்ணீரை மாடுகூட முகர்ந்துவிட்டு விலகியது.

அந்தக் காலத்தில் முன்னேற்றத்தை எப்படி அளந்தோம்? ஏற்றுமதி இத்தனை கோடி, அந்நியச் செலாவணி இவ்வளவு, வேலைவாய்ப்பு இவ்வளவு. எல்லாம் உண்மை, எல்லாம் ஏறுமுகம். அப்புறம் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபோது, எத்தனை நிலையம் கட்டினோம், எத்தனை பட்டறைகள் இணைந்தன என்று அளந்தோம். அதுவும் ஏறுமுகம்தான். கிணறு மட்டும் இறங்குமுகம். இழப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட ஆணையம் 2004 டிசம்பரில் 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஒருவருக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. ஒரு குடும்பத்தின் மண்ணும் கிணறும் கெட்டதற்கான தொகை இது. இந்தத் தொகை எந்தப் பனியனின் விலையிலும் ஏறவில்லை. அதை வாங்கி விற்ற வெளிநாட்டுக் கடையின் ஆண்டறிக்கையிலும் ஏறவில்லை.

பாசன விவசாயிகளின் அமைப்பான நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை வந்தது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதி செய்தது. நிபந்தனை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாதங்களில் இந்த ஊர் பட்ட பாடு இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். கடன், வேலையிழப்பு, சொந்த ஊருக்குத் திரும்பிய தொழிலாளர்கள். அதைத் தாண்டித்தான் கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வூடு வடிகட்டுதல், மிஞ்சிய நீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கிகள், உப்புநீரையே திரும்பச் சாயத்துக்குப் பயன்படுத்தும் முறை எல்லாம் இங்கே நிலைபெற்றன. இன்று இங்கே தண்ணீரில் பெரும்பகுதி மீண்டும் பட்டறைக்கே வருகிறது. இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் இதற்காகப் பெருமைப்படலாம், நானும் படுகிறேன்.

ஆனால் இங்கேயும் நாம் குழாயின் வாயில்தான் நிற்கிறோம். வெளியே ஒன்றும் வரவில்லை, முழு மதிப்பெண். உள்ளே போய்ப் பார்த்தால், பிரித்தெடுக்க முடியாத கலவை உப்பு மூட்டைகளாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. ஆவியாக்கிகளை ஓட்ட விறகும் மின்சாரமும் எரிகின்றன. தண்ணீர்க் கணக்கில் குறைந்த சுமை எரிபொருள் கணக்கிலும் கொட்டகையிலும் ஏறியிருக்கிறது. அதையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு முழுமையாகும். எழுதினால் திருப்பூரின் பெயர் கெடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். என் எண்ணம் நேர்மாறானது. எழுதாமல் விட்டதால்தான் ஒருமுறை பெயர் கெட்டது.

அரசுகளில் இதற்கு ஒரு நல்ல முயற்சியையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதி 2015இல் வருங்காலத் தலைமுறைகளின் நல்வாழ்வுச் சட்டம் கொண்டுவந்தது. இன்னும் பிறக்காதவர்கள் சார்பில் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு ஆணையரை அது நியமிக்கிறது. நியூபோர்ட் நகரை ஒட்டி, சதுப்புநிலத்தின் குறுக்கே ஒரு பெரிய நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டபோது, முதல் ஆணையர் சோஃபி ஹவ் வெளிப்படையாக எதிர்த்தார். அரசு நடத்திய பொது விசாரணை திட்டத்துக்குச் சாதகமாகவே பரிந்துரைத்தது. இருந்தும் 2019 ஜூனில் முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட், செலவையும் சுற்றுச்சூழல் பாதிப்பையும் காட்டி அதைக் கைவிட்டார். அந்த ஆணையருக்குத் திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் அரசின் பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசுக்கு எதிர்ப்பக்கம் நின்று அளக்க ஒருவருக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. விடைத்தாளை எழுதியவரே திருத்தும் வழக்கம் அங்கே கொஞ்சமாவது மாறியிருக்கிறது.

நமக்கு அப்படிச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். மாணவர்களே, தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் கையடக்கக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தொழிற்சாலைக் கழிவுநீருக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது வரம்பு. குடிநீருக்கு விரும்பத்தக்க அளவு 500. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு, நொய்யல் கரையில் திருப்பூருக்குக் கீழே உள்ள கிராமங்களில் கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். விவசாயியிடம் அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கிணற்றில் அளந்து, தேதியும் நீர்மட்டத்தின் ஆழமும் சேர்த்துக் குறியுங்கள். ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒரு நகலைச் சாயப்பட்டறை உரிமையாளர்களுக்கும், ஒரு நகலை மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கொடுங்கள். தவறு இருந்தால் அவர்கள் சுட்டிக்காட்டட்டும். முதல் அளவை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். மழைக்கு அப்புறம் தொடங்கினால், உப்பு குறைந்தது மழையாலா சுத்திகரிப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும்.