கொலைகாரனை ஏற்றிக்கொண்டது ரயில், பிடித்துக் கொடுத்தது தந்தி

நடுவர் அவர்களுக்கும் எதிரணியினருக்கும் வணக்கம். கொட்டகை நிறைய உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இன்னும் பெரிய வணக்கம்.

19ஆம் நூற்றாண்டில் மனிதனுக்கு அதிகம் கைகொடுத்தது ரயிலா, தந்தியா? நான் தந்தி அணி. 1837இல் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் இருவரும் தந்திக் கருவிக்குக் காப்புரிமை வாங்கியது, 1844இல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பியது எல்லாம் என் அணித்தலைவர் சொல்லிவிட்டார். நான் ஒரு கொலைக் கதை சொல்கிறேன்.

1845, ஜனவரி 1. லண்டனுக்கு மேற்கே ஸ்லௌ என்று ஒரு ஊர். அதன் பக்கத்தில் சால்ட் ஹில்லில் சேரா ஹார்ட் என்ற பெண்ணுக்கு ஒருவன் விஷம் கொடுத்துவிட்டான். பெயர் ஜான் டாவெல். அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வருகிறாள். அவன் அவசரமாக வெளியே போகிறான். போய் என்ன செய்தான்? ஸ்டேஷனுக்கு வந்து முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி, இரவு 7.42 ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஐயா, கவனியுங்கள்! ரயில் அவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. மெத்தை போட்ட இருக்கை கொடுத்து லண்டனுக்குக் கூட்டிப்போனது.

விஷயம் தெரிந்து ஒரு பாதிரியார் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார். வண்டி போய்விட்டது. ஆனால் அந்தத் தண்டவாளத்தின் ஓரமாகவே தந்திக் கம்பி போகிறது. லண்டனில் வண்டி போய் நிற்கும் பாடிங்டன் ஸ்டேஷனுக்குச் செய்தி அடிக்கிறார்கள்: சால்ட் ஹில்லில் ஒரு கொலை, சந்தேகப்படும் ஆள் 7.42 வண்டியில் வருகிறான், உடுப்பு 'குவேக்கர்' என்ற கிறிஸ்தவ சபைக்காரர் உடுப்பு, பாதம் வரை தொங்கும் பழுப்புக் கோட்டு.

இங்கேதான் சிக்கல். அந்தக் கருவியில் காந்த ஊசி ஆடி ஆடி எழுத்தைக் காட்டும். எல்லா எழுத்துக்கும் அதில் இடமில்லை. 'குவேக்கர்' என்பதை ஆங்கிலத்தில் எழுத முதல் எழுத்தே 'க்யூ'. அந்த எழுத்து கருவியில் கிடையாது! இந்தப் பக்கத்து ஊழியர் என்ன செய்வார்? 'கே, டபிள்யூ, ஏ' என்று அடிக்கிறார். அந்தப் பக்கத்து ஊழியருக்குப் புரியவில்லை. திரும்ப அனுப்பு என்கிறார். இவர் மறுபடியும் 'கே, டபிள்யூ, ஏ'. அவர் மறுபடியும் திரும்ப அனுப்பு. அங்கே ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது, கொலைகாரன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான், இங்கே இவர்கள் மூன்று எழுத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். கடைசியில் அங்கிருந்த ஒரு பையன், "அவரை முழுசா அடிக்க விடுங்களேன்" என்றானாம். அடித்து முடித்தார். புரிந்துவிட்டது.

டாவெல் பாடிங்டனில் இறங்குகிறான். வில்லியம்ஸ் என்ற போலீஸ் சார்ஜெண்ட் காத்திருக்கிறார். டாவெல் குதிரை பஸ்ஸில் ஏற, அவரும் பின்னாலேயே ஏறிப் போய்விட்டார். மறுநாள் கைது. மார்ச்சில் தூக்கு. 'ஜான் டாவெல்லைத் தூக்கில் போட்ட கயிறு இதுதான்' என்று ஜனங்கள் தந்திக் கம்பியைக் காட்டிப் பேசினார்களாம்.

சரி, எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு போடு போட்டார். "ரயில் கல்யாணத்துக்கு ஆள் கொண்டு வரும், தந்தி கருமாதிக்குத்தான் ஆள் கூப்பிடும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். இதை விட்டுவிட்டு என்னால் உட்கார முடியாது.

அம்மா, டாவெல் விவகாரத்துக்கு ஐந்து மாதம் முன்னால், 1844 ஆகஸ்ட் 6ஆம் தேதி, விண்ட்சர் கோட்டையில் விக்டோரியா ராணிக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. இளவரசர் ஆல்ஃபிரட். அந்தச் செய்தி இதே ஸ்லௌ கம்பியில்தான் லண்டனுக்குப் போனது. அறிவித்த நாற்பதே நிமிடத்தில் 'டைம்ஸ்' பத்திரிகை அச்சாகித் தெருவுக்கு வந்துவிட்டது. தந்திக்கு முதலில் பேர் வாங்கித் தந்ததே ஒரு பிள்ளை பிறந்த சேதி!

கருமாதி பற்றிப் பேசுகிறீர்களே, உங்கள் ரயில் செய்த கருமாதியைச் சொல்லட்டுமா? 1889 ஜூன் 12, அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊர். ஞாயிறு வேதப் பள்ளிப் பிள்ளைகள் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். ஏற்றத்தில் இஞ்சின் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. பின்பக்கத்துப் பத்துப் பெட்டிகளைக் கழற்றி, சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்து நிறுத்தினார்கள். முன்பாதி நகரும்போது லேசாகப் பின்னால் இடித்தது. கல் நொறுங்கியது. பெட்டிகள் பிள்ளைகளோடு சரிவில் உருண்டன. கதவுகளைப் பூட்டி வைத்திருந்தார்கள், அம்மா. குதிக்கவும் வழியில்லை. கீழேயிருந்து அடுத்த ரயில் வந்துகொண்டிருந்தது.

ஏன் வந்தது? குறிப்பிட்ட நேரம் ஆனால் அடுத்த வண்டியை விடலாம் என்பதுதான் அங்கே வழக்கம். முன்னால் போன வண்டி அடுத்த நிலையத்தைத் தாண்டிவிட்டது என்று தந்தியில் தகவல் வந்த பிறகே பின்வண்டியை விடும் முறை அப்போதே இருந்தது. அந்தப் பாதையில் அதை வைக்கவில்லை. சுமார் 80 உயிர்கள் போயின. எத்தனையோ பிஞ்சுகள். அதே வருடம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டு அந்த முறையைக் கட்டாயமாக்கியது. செலவு பார்க்காமல் முன்பே ஒரு கம்பி இழுத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் கடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நம் ஊரிலும் தந்தி என்றால் பயந்தோம், உண்மை. 2013இல் அந்தச் சேவையை மூடும்வரை தபால்காரர் கையில் தந்தியைப் பார்த்தாலே வீட்டில் அழுகை. நல்ல சேதியைக் கடிதத்தில் எழுதலாம், நான்கு நாள் தாமதமானாலும் பாதகமில்லை. "மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்பதைக் கடிதத்தில் எழுத முடியுமா? பம்பாயில் வேலை பார்த்த எத்தனை பிள்ளைகள் அந்த ஒரு வரியால் பெற்றவள் கண் மூடுவதற்குள் வந்து ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தார்கள்!

அந்தப் பிள்ளைகள் ரயிலில்தான் வந்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். அம்மா படுக்கையில் கிடக்கிறாள் என்று பம்பாயில் இருப்பவனுக்கு எந்த ரயில் வந்து சொன்னது, நடுவர் அவர்களே? அதை மட்டும் எதிரணியிடம் கேட்டுச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.